ஏழாவது சுற்றில் அக்கா

மே 4, ஞாயிறு

மேகமூட்டம். வாணியம்பாடியில் விட்டுவிட்டு வந்த வெயிலுக்கு இது ஊட்டி. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது கா. 11.20. அக்காவும் மாமாவும் பிளாட்பாரத்தில். அக்கா கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். நாற்பத்தேழு வயதில் கல்யாணம், இரண்டு வருஷத்தில் இந்த நிறம். நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

மாமா ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் லீவுக்குச் சும்மா நிற்கிறது. அதிலேயே அழைத்து வந்தார். மர்பி டவுன். சந்துக்குள் சந்து. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அலமாரி மேல் சின்னதாக ஒரு புத்தர், எதிரே மெழுகுவத்தி. மாமா வாசலில் நின்று பக்கத்து வீட்டாரிடம் கன்னடத்தில் என்னமோ சொன்னார். அக்காவும் கன்னடத்தில் பதில் சொல்லிச் சிரித்தாள். அவள் வேறு பாஷையில் சிரிப்பதை இன்றுதான் கேட்டேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள, வீட்டு வேலை செய்யும் ராணிக்கு எழுதி வைத்துவிட்டு வந்தது:
வெள்ளை மாத்திரை காலையில், சாப்பாட்டுக்கு முன்.
இடது கை, கால் எண்ணெய் போட்டு நீவ வேண்டும். திட்டுவார். கண்டுகொள்ளாதே.
பாத்ரூமுக்குக் கைத்தடியோடு தனியாகப் போனால் பின்னாலேயே நில்.
நான் எங்கே என்று கேட்டால் சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல். தினமும் கேட்பார். தினமும் சொல்.

நானும் அக்காவும் பதினாறு வருஷம் இப்படிச் சுற்றியிருக்கிறோம். மே மாதத்தில் ஒரு வாரம், ஒரு ஊர், அந்த ஊரில் எது உயரமோ அதன் உச்சி. திருச்சி மலைக்கோட்டை. சென்னை லைட் ஹவுஸ். செஞ்சியில் ராஜகிரி. ஹைதராபாத் போய் சார்மினார். மைசூர் சாமுண்டி மலை, படி வழியாக. அப்பாவுக்குக் கை கால் விழுந்த பிறகும் விடவில்லை. அக்கா கல்யாணத்தோடு நின்றது.

வந்த வேலை வேறு. தலைமை ஆசிரியை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. கலந்தாய்வு அடுத்த வாரம். கிடைக்கிற இடம் சிவகங்கையோ, தஞ்சாவூர்ப் பக்கமோ, எப்படியும் வீட்டிலிருந்து போய் வர முடியாத தூரம். சம்மதமா, வேண்டாமென்று உரிமை விடுகிறேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் தர வேண்டும். போன தடவை உரிமை விட்டேன். அக்காவிடம் கேட்க வேண்டியது மூன்றே வார்த்தை. அப்பாவை நீ வைத்துக்கொள்வாயா.

இன்று கேட்கவில்லை. வந்த அன்றைக்கே எப்படிக் கேட்பது.

மே 5, திங்கள்

கா. 7க்கு லால்பாக். மரங்கள் பற்றி எழுத நேரமில்லை. நடுவில் ஒரே பாறையாகக் கிடக்கிற குன்று. அது ஒன்றும் உயரமில்லை, சின்னப் பிள்ளைகள் கூட ஓடி ஏறுகிறார்கள். அடிவாரத்து பெஞ்சில் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போயிட்டு வா. எனக்கு முட்டி வலிக்குது."

"இதுக்கேவா?"

"வயசாகுது இல்ல."

தனியாகப் போனேன். பாறை காலை வெயிலில் இளஞ்சூடு. மேலேயிருந்து நகரம் நாலு பக்கமும். மரத் தலைகள், அதற்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், அதற்கும் பின்னால் கிரேன்கள், அப்புறம் புகை மாதிரி ஒன்று. முன்பெல்லாம் அக்கா பக்கத்தில் நின்று "அது என்ன, இது என்ன" என்று கேட்பாள். எனக்குத் தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்வேன். இன்று கேட்க ஆளில்லை. ஒரு ஜோடி செல்ஃபி எடுக்கக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது. தள்ளி நின்றேன்.

ராணியிடமிருந்து போன், மேலே நிற்கும்போதே. "டீச்சர், ஐயா தட்டைத் தள்ளி விட்டுட்டாரு. உப்புமா வேணாமாம்." இட்லி ஊற்றித் தரச் சொன்னேன். நகரம் முழுக்கக் கண் முன்னால், காதில் அப்பாவின் உப்புமா.

திரும்பும்போது காபி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு கடந்தாள். அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

மத்தியானம் 2 மணிக்கே இருட்டி மழை. எங்கும் போகவில்லை. துணி காயவில்லை. சமையல்கட்டில் அக்கா கத்திரிக்காய் நறுக்கினாள். நான் முன் அறையில் கையால் சாண் போட்டுக்கொண்டிருந்தேன். சன்னலிலிருந்து அலமாரி வரை பதினொரு சாண். அப்பாவின் கட்டில் எட்டரை. போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பாத்ரூம் பின்புறம், இரண்டு படி இறங்க வேண்டும். அங்கே ஒரு கைப்பிடி வைத்தால் போதும்.

மாமா உள்ளே வந்தது கவனிக்கவில்லை.

"என்ன அளக்கறீங்க?"

"சும்மா மாமா. கர்ட்டன் வாங்கித் தரலாம்னு."

"கர்ட்டனா? சன்னல் அந்தப் பக்கம் இல்ல இருக்கு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். ஆனேக்கல் தாண்டித் தனியார் பூங்கா ஒன்று திறந்திருக்கிறார்களாம், அதில் ஒரு பார்வைக் கோபுரம். ஏறினால் இந்தப் பக்கம் கர்நாடகா, அந்தப் பக்கம் ஓசூர் மலையெல்லாம் தெரியுமாம். "நாளைக்கு வேன்ல போலாம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஏறாத கோபுரமே இல்லன்னு மல்லிகா சொல்லுவா. இதயும் ஏறிடுங்க."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "ஆமா, போலாம்" என்றாள். அந்த "ஆமா" கொஞ்சம் தாமதமாக வந்தது. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மே 7, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைத்துவிட வேண்டும்.

காலையில் வெயில். பூங்கா போய்ச் சேரவே பி.ப. 3 ஆகிவிட்டது, வழியெல்லாம் டிராஃபிக். கோபுரம் என்றால் நடுவில் ஒரு இரும்புத் தூண், அதைச் சுற்றிச் சுற்றிப் படி. பன்னிரண்டு சுற்று. படிகள் தகடு இல்லை, கம்பி வலை. காலுக்குக் கீழே தரை வரைக்கும் தெரியும். அகலம் ஒரு ஆளுக்கு. எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். மாமா வேனை நிழலில் நிறுத்தப் போனார்.

நான் முன்னால், அக்கா பின்னால். பேசிக்கொண்டே ஏறினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, பள்ளிக்கூடக் கதை ஏதோ. ஏழாவது சுற்றில் பின்னால் சத்தம் இல்லை. திரும்பினால் அக்கா ஐந்தாறு படி கீழே, இரண்டு கையாலும் நடுத்தூணைக் கட்டிக்கொண்டு, நெற்றியை அதில் அழுத்தி நிற்கிறாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"இன்னும் அஞ்சு சுத்துதான். வா."

"கால் வரல வாசு."

இறங்கி அவளிடம் போனேன். புறங்கை ஜில்லென்றிருந்தது. மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. அந்தப் பெண் அக்காவின் தோளைத் தட்டி, "கண்ண மூடிக்கோங்க ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒண்டி ஒதுங்கி அவர்கள் போனதும் யாரும் இல்லை. காற்று எழுந்தது. ஓசூர்ப் பக்கம் வானம் கறுத்து வந்தது. கோபுரம் லேசாக அதிர்ந்தது. அக்கா மெல்ல உட்கார்ந்தாள், தூணை விடாமல். நானும் அவளுக்கு மேல் படியில்.

"எப்பலருந்து இப்படி?"

"எப்பவுமே."

"மலைக்கோட்டைல?"

"அங்கயும்தான். செவுத்தப் புடிச்சுட்டே வந்தேன். நீ பாக்கல."

"லைட் ஹவுஸ்ல?"

"எறங்கி வந்து வாந்தி எடுத்தேன். மீன் கொழம்பு சேரலன்னு சொன்னேன்."

பதினாறு வருஷம். நான் பாதி வழியில் திரும்பிப் பார்க்காமலே ஏறியிருக்கிறேன்.

"அப்புறம் ஏன்க்கா வந்த?"

"வீட்ல நீ வாயத் தொறந்து சிரிச்சு நான் பாத்ததில்ல. மேல ஏறினா மட்டும் சிரிப்ப. அதுக்கோசரம்."

கீழே காவலாளி ஒலிபெருக்கியில், "மேடம், கெளகே பன்னி, மளே பர்த்தா இதெ." பிறகு தமிழில், "எறங்கிடுங்கம்மா, இடி வருது."

அண்ணாந்து பார்த்தேன். ஐந்து சுற்றுதான். ஓடிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. அக்கா அப்படி உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. அதையும் எழுதுகிறேன்.

போகவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். கேட்டேன்.

"அக்கா, அப்பாவ நீ வெச்சுக்குவியா?"

அவள் நெற்றியைத் தூணிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "இப்ப கேக்கறியா?"

"கீழ எறங்கினா நீ சமையல்கட்டுக்குப் போயிடுவ."

அவளால் எழுந்து போக முடியாத இடம். அது தெரிந்தேதான் கேட்டேன். நாளைக்கு இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

பதவி உயர்வு பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பற்றிச் சொன்னேன். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மாட்டேன் வாசு."

"யோசிச்சு சொல்லு."

"ரெண்டு வருஷமா யோசிச்சுட்டேன். நீ ஒரு நாள் கேப்பன்னு தெரியும். மாட்டேன். அவரு இருக்கற வீட்ல என்னால தூங்க முடியாது."

முதல் சொட்டு மழை இரும்பில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "என்னப் பொண்ணு பாக்க கோலார்லருந்து வந்தாங்க. நீ அப்ப வேலூர் ஹாஸ்டல்ல. எல்லாம் பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளையோட அண்ணன் வாசல்ல செருப்பு மாட்டறாரு. அப்பா மெதுவா சொன்னாரு, பொண்ணுக்கு அப்பப்ப வலிப்பு வரும், மறைக்கக் கூடாது இல்லயான்னு. நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் டம்ளர் கழுவிட்டிருந்தேன்."

"உனக்கு ஏது வலிப்பு?"

"அதான்."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் முடியாமப் போச்சே, சமைக்க ஆள் வேணும். அடுத்த எடத்துக்கும் அதையே சொன்னாரு. அப்புறம் யாரும் வரல. நீ படிச்சு முடிச்ச."

கடைசி மூன்று வார்த்தையை அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வரிசையில் அடுத்தது அதுதான், அதனால் சொன்னாள். நான் படித்து முடித்தேன். வேலைக்கு வந்தேன். அவள் செய்த இட்லியைத் தின்றுவிட்டு பஸ் பிடித்தேன்.

மின்னல். இரும்புக் கோபுரம், உச்சிக்கும் தரைக்கும் நடுவே நாங்கள் இருவர். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. எழுப்பிப் பார்த்தேன். கீழே பார்த்ததுமே அவள் உடம்பு விறைத்து மறுபடி உட்கார்ந்துகொண்டது.

படியில் காலடிச் சத்தம். மாமா. செருப்பில்லாமல், நனைந்து, தோளில் வேன் சீட்டின் நீல உறைகள் இரண்டு. மூச்சு வாங்குகிறது. கீழேயிருந்தே பார்த்திருக்க வேண்டும். அக்காவுக்கு அடுத்த கீழ்ப்படியில் ஒரு உறையை விரித்தார். வலை மறைந்தது.

"மல்லிகா, கீழ பாக்காத. இந்தத் துணிய மட்டும் பாரு. உக்காந்துட்டே ஒரு படி எறங்கு."

இறங்கினாள். அதற்கடுத்த படியில் இரண்டாவது உறை. அவள் நகர்ந்ததும் மேலே கிடப்பதை நான் உருவி அவரிடம் நீட்டுவேன். அவர் விரிப்பார். அவள் இறங்குவாள். நூற்றுக்கு மேல் படிகள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் ஒரே ஒரு தடவை மாமா சொன்னார், "பயம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இந்தப் பக்கமே வண்டி திருப்பிருப்பனா?" அக்கா, "வாசு ஆசப்பட்டா" என்றாள். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

தரையில் கால் பட்டதும் அக்கா ஈர மண்ணில் அப்படியே படுத்துக்கொண்டாள். காவலாளி டீ வாங்கி வந்தார்.

மே 8, வியாழன்

வெயில். அக்காவுக்கு ஆடுசதை இரண்டும் கல் மாதிரி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஒன்றும் நடக்காதது போல, "குருமாவுக்குத் தேங்கா அரைக்கணும்" என்றாள். "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். "கால விடு, கூசுது" என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் தனியாக அல்சூர் ஏரிக்கரை வரை நடந்தேன். கரையில் பாசி நாற்றம். சிமென்ட் பெஞ்ச். வீட்டுக்குப் போன் போட்டேன். ராணி அப்பாவிடம் கொடுத்தாள். பின்னால் டிவி ஓடுகிறது.

"எப்ப வர?"

"சனிக்கிழமை. அப்பா, ஒண்ணு கேக்கணும். அக்காவப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, வலிப்பு வரும்னு சொன்னீங்களா?"

டிவிச் சத்தம் குறைந்தது.

"யாரு சொன்னா?"

"சொன்னீங்களா?"

"அவ போயிருந்தா உங்கம்மாவ யாரு பாத்திருப்பா? நீ பாத்திருப்பியா?"

பார்த்திருக்க மாட்டேன். அப்போது எனக்கு இருபது வயது, ஆய்வுக்கூடத்தில் கந்தக அமில வாசனையைக் கூட ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தேன்.

"என்னைப் பத்தியும் அப்படி ஏதாவது சொன்னீங்களா அப்பா?"

"உன்னப் பத்தி நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்லம்மா. தேவப்படலயே. நீதான் எங்கயும் போறேன்னு சொன்னதே இல்லயே."

கோபமாகச் சொல்லவில்லை. முதல் மார்க் வாங்கின பிள்ளையைத் தட்டிக் கொடுப்பது போலச் சொன்னார்.

ஏரியில் ஒரு படகு குப்பை அள்ளிக்கொண்டிருந்தது. அது முழுச் சுற்று வரும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இரண்டு இடம் வந்தது. நானாகத்தான் வேண்டாம் என்றேன். ஒருத்தர் ஓசூர், ஒருத்தர் சேலம். அப்பா அப்போது கை கால் நன்றாக இருந்து நடமாடிக்கொண்டிருந்தார். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் எங்காவது உச்சியில் நின்று பார்த்துவிட்டு, நேராக வீட்டுக்கு இறங்கி வந்தேன்.

மே 9, வெள்ளி

கா. 6க்கே விழிப்பு. மாமா வேன் கழுவும் சத்தம்.

ராணிக்குப் போன். நிரந்தரமாக வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்வாளா என்று கேட்டேன். அவள் மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், இருவரும் வந்துவிடுவதாகச் சொன்னாள். "ஐயா ஒத்துக்குவாரா டீச்சர்?" தெரியாது என்றேன்.

கடிதம் எழுதினேன். மூன்று தடவை அடித்தேன். "சம்மதம் தெரிவிக்கிறேன்" என்று முடிகிற இரண்டு வரி. போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு வாட்ஸாப். 10.42. இரண்டு நீலக் கோடு. அவ்வளவுதானா. போன தடவை இதைச் செய்ய ஏன் முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம நான் வாணியம்பாடி போறேன். காலைல ரயில்ல போயி சாயங்காலம் வந்துடுவேன். மாத்திர, டாக்டரு, எல்லாம் பாத்துக்கறேன். ராத்திரி தங்க மாட்டேன்."

"நான் கேக்கலக்கா."

"கேட்டதுக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன். இது நானா சொல்றது."

மாமா வாசலிலிருந்து, "ஞாயித்துக்கெழம வேன் சும்மாதான் நிக்குது. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பி.ப. 4. அப்பாவுக்குப் போன். பிரமோஷன், வேற ஊர், நான் போகிறேன், ராணி கூட இருப்பாள். இந்த வரிசையில் சொன்னேன், எழுதி வைத்துப் படித்தேன். "சரி" என்றார். அவ்வளவுதான். போனை ராணியிடம் கொடுத்துவிட்டார்.

மே 10, சனி

கன்டோன்மென்ட் வரை அக்கா வந்தாள். நடை இன்னும் நொண்டல். ரயில் வந்ததும் என் தலையைத் தடவினாள், எனக்கு நாற்பத்துநாலு வயது. "போற ஊர்ல ஏறு. எனக்கு போட்டோ அனுப்பு, அது போதும்."

சன்னல் ஓரம். பங்காரப்பேட்டை, குப்பம், மலைகள். தயிர்சாதம் சாப்பிட்டேன். நெஞ்சு லேசாக இருந்தது, இரண்டு மணி நேரம் போல.

ஜோலார்பேட்டைக்கு வெளியே சிக்னல் இல்லாமல் ரயில் நிற்கிறது. அரை மணி ஆகிறது. ஃபேன் ஓடவில்லை. எதிர் சீட்டுக்காரர் சட்டை பட்டன் எல்லாம் கழற்றிவிட்டார். ராணியிடமிருந்து இப்போது போன் வந்தது.

"டீச்சர், ஐயா காலைலருந்து பொட்டி எடுத்து வெக்கச் சொல்லிட்டிருக்காரு. வேட்டி, மாத்திர, ஃபேன் கூட கழட்டச் சொல்றாரு. உங்க கூடவே புது ஊருக்கு வராராம். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

ரயில் நகரவில்லை. எல்லாரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க லேடீஸ் டீச்சருங்க ஹாஸ்டல்ல தான் தங்கணும்னு சொல்லு. ஆம்பளைங்கள உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லு."

"அப்படியா டீச்சர்?"

"அப்படித்தான்."

எந்த ஊர் என்றே இன்னும் முடிவாகவில்லை. அங்கே விடுதி என்று ஒன்று இருக்கிறதா, தெரியாது. குரல் தடுமாறாமல் வந்தது, மெதுவாக, நிதானமாக.

சிக்னல் விழுந்துவிட்டது. வாணியம்பாடிக்கு இன்னும் இருபது நிமிஷம்.